நீலப் பெட்டிக்குள் ரப்பர் ஷீட்

எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. நான் ஒருத்தி, மைக் செட் இன்னொருத்தி. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரும் ஒரு நாள்கூட மறுத்ததில்லை. ஆம்பிளிஃபையர் ஒன்று, ரிக்கார்டு பிளேயர் ஒன்று, புனல் மாதிரி வாய் அகன்ற ஸ்பீக்கர் இரண்டு, இசைத்தட்டுகள் ஒரு கட்டு. அவ்வளவுதான் எங்கள் சொத்து. கல்யாணம், திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். என் கூரைப்புடவை ஆம்பிளிஃபையருக்குப் போர்வையாகப் போய் வெகுகாலமாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

இரண்டு பேருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் ரப்பர் மரம் சீவினார். நான் கல்யாணம் ஆகும்வரை, ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காய வைக்கும் கூடத்தில் வேலை செய்தேன். அவருக்கு ரேடியோ ரிப்பேர் கைவந்ததும், இனிமேல் இந்த லயத்து வரிசை வீட்டில் இருக்கப்போவதில்லை என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு மலாக்கா டவுனுக்கு வந்துவிட்டோம். சொன்ன விதம் கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது. திரும்பிப் போய் அந்த ஆள் முகத்தில் விழிப்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று நான் தீர்மானமாக இருந்தேன்.

காஜா பேராங்கில் ஒரு வீட்டின் பின்பாதி வாடகைக்குக் கிடைத்தது. முன்பாதியில் இருந்தவர் ஒரு சிட்டி அம்மாள், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வழி வந்தவர். நெற்றியில் பொட்டு வைப்பார், கோயிலுக்குத் தவறாமல் போவார், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். நாங்கள் குடிவந்த அன்று என் துணி மூட்டையை வாங்கி உள்ளே வைத்தவர், மூக்கைச் சுளித்து, "பாவ் கெத்தா" என்று சிரித்தார். ரப்பர் வாடை அடிக்கிறது என்று அர்த்தம். அந்த மனுஷி மனதில் ஒரு விஷமமும் இல்லை. அன்று மத்தியானமே எங்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினார். எனக்குத்தான் அது சுருக்கென்று தைத்துவிட்டது.

புகைக்கூடத்து வாடை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. புளித்த பாலும் விறகுப் புகையும் சேர்ந்து தோலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருந்தவரை அது ஒரு வாடை என்றே எனக்குத் தெரியாது. அந்த அம்மாள் சொன்ன பிறகு நான் சோப்புக்கட்டியைக் கரைத்த கரைப்பில் வேறு எவளாவது என்றால் தோல் உரிந்திருக்கும். பேருந்தில் யாராவது கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனால் நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிடுவேன். அவரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. புருஷனிடம் போய், என் மேல் நாற்றம் அடிக்கிறதா என்று எந்தப் பெண் கேட்பாள்?

அப்போது மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கே பார்த்தாலும் கூட்டம், கூட்டம் என்றால் ஒலிபெருக்கி. ஆனால் டவுன்காரர்கள் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. தோட்டத்து ஆள், செட்டைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வருவான் என்று பேச்சு. பேச்சில் தப்பில்லை, சாக்கில்தான் கட்டினோம். சாக்குக்குள் என் கூரைப்புடவை, புடவைக்குள் ஆம்பிளிஃபையர். பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு தோட்டத்துத் திருவிழாவுக்கு லோரியில் போனபோது பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் ஆம்பிளிஃபையரின் கண்ணாடி வால்வு இரண்டு நொறுங்கின. பூசாரி மைக்கைப் பிடித்து வாயை அசைத்ததுதான் மிச்சம். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, அடிபட்ட பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டு வந்தார்.

"இதுக்கு ஒரு பொட்டி வேணும் புள்ள," என்றார். "பொட்டி இல்லாத செட்டு, செட்டே இல்ல."

செட்டுக்கென்றே செய்த பெட்டிகளைப் பண்டார் ஹிலிரில் ஒரு கடைக்காரர் சிங்கப்பூரிலிருந்து வரவழைப்பாராம். போய்ப் பார்த்தோம். உள்ளே பட்டுத்துணி மெத்தை, வெளியே தோல், மூலைக்கு மூலை பித்தளை. கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்த பார்வையிலேயே பதில் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும், "நம்மளே செஞ்சிக்கலாம், இதென்ன ராக்கெட்டா?" என்று அவரைச் சமாதானப்படுத்தினேன்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் காலி தேயிலைப் பெட்டிகள் கிடந்தன. ஒட்டுப்பலகையால் செய்து, ஓரமெல்லாம் தகரப் பட்டை அடித்த பெட்டிகள். லேசாக இருக்கும், ஆனால் கப்பலில் உருண்டு வந்தாலும் உடையாது. கேட்டதும் கொடுத்துவிட்டார். அவற்றைப் பிரித்து ஆம்பிளிஃபையருக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று என்று அளவெடுத்து அடித்தோம். பால் டின்களை வெட்டி, சுத்தியலால் தட்டி நேராக்கி, மூலைகளுக்குக் காப்பு போட்டார். பூட்டும் கைப்பிடியும் ஒரு பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தன. ஆம்பிளிஃபையர் பெட்டிக்கு முன்பக்கம் கழற்றுகிற மூடி, பின்பக்கம் காற்றுப் போக ஒரு ஜன்னல். எல்லாம் சரியாகத்தான் செய்தார் மனுஷன்.

உள்ளே மெத்தைக்கு என்ன போடுவது என்பதில்தான் சண்டை வந்தது. தேங்காய் நார் வைத்துப் பார்த்தோம், தூசு கொட்டியது. இலவம்பஞ்சு வைத்தோம், எலி வந்தது. அப்போது இரண்டு பேருக்குமே ஒரே நேரத்தில் தோன்றியது ரப்பர். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் குமிழி விழுந்த ஷீட்டுகளைக் கழித்துப் போடுவார்கள். என் அண்ணன் அங்கேதான் வேலையில் இருந்தான்; உத்தரவு வாங்கி ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தான். அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும். இதைவிட்டுவிட்டு நாரையும் பஞ்சையும் கட்டிக்கொண்டு அழுதோமே என்று சிரித்துக்கொண்டோம்.

புத்தி எங்கே போயிருந்தது என்று இப்போது கேட்டு என்ன பயன்? டயர் ரப்பர் வேறு, ஷீட் வேறு. டயர் வெந்த ரப்பர். ஷீட் பச்சை ரப்பர். சூடு பட்டால் இளகும், ஒட்டும், நாறும். வெயிலில் கிடந்து ஒட்டிக்கொண்ட ஷீட்டுகளை நகத்தால் பிரித்த கை என்னுடையது. ஆனால் எங்கள் மனதில் இருந்ததெல்லாம் குலுக்கல்தான். லோரி, பள்ளம், வால்வு. ஓடும்போது வால்வு அடுப்பாய்க் காயும் என்பது ஞாபகத்துக்கே வரவில்லை. ரப்பரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்தவர்கள் மட்டும் செய்யக்கூடிய மடத்தனம் அது.

ஷீட்டை வெட்டிப் பெட்டியின் நான்கு பக்கமும் கூரையிலும் ஒட்டினேன். வெறும் ரப்பராகத் தெரியக் கூடாது, வாடையும் வரக் கூடாது என்று அதன்மேல் கூரைப்புடவையையே வெட்டி ஒட்டினேன். எப்படியும் அது அந்த இன்னொரு பெண்டாட்டியுடையதாகிவிட்டது. வெளியே நீல வர்ணம். காய்ந்த பிறகு பார்த்தால் எனக்கே நம்ப முடியவில்லை. சிட்டி அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, தன் புருஷனைக் கூப்பிட்டு வந்து காட்டினார்.

இரண்டு தோட்டங்களுக்குக் கொண்டுபோனோம், ஒரு கீறல் விழவில்லை. அங்கே போனதும் ஆம்பிளிஃபையரை வெளியே எடுத்துப் பெஞ்சில் வைத்துவிடுவார். பெட்டி மரத்தடியில் கிடக்கும். அப்போதும் எங்களுக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

மளிகை முதலாளி ஒரு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தவர், தன் தேயிலைப் பெட்டிகள் ஆகியிருந்த அழகைப் பார்த்து அசந்துபோனார். அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். பேசி வைத்த மேளக்காரர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்கள். "இசைத்தட்டுலயே நாதஸ்வரம் வச்சிடலாம் தம்பி. தாலி கட்டுற நேரத்துக்குக் கெட்டிமேளம் மட்டும் தப்பக் கூடாது. தும்மல், இருமல், ஒரு கெட்ட சொல் காதுல விழக் கூடாதுன்னுதானே அதை வைக்கிறது," என்றார்.

அவர் போனதும் எங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது நல்லா நடந்துட்டா டவுனு நம்மளுக்குத்தான். அந்தத் தெருவுல எல்லாரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் கூப்பிடுவாங்க. சொதப்பிட்டா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்." எனக்குக் கிராணியின் முகம் கண்ணில் வந்து நின்றது.

கல்யாணத்தன்று காலையில் முதலாளியின் கடைக்கு மேலிருந்த மாடிக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வழக்கம்போல் ஆம்பிளிஃபையரை வெளியே எடுக்கப் போனார். நான்தான் கையைப் பிடித்தேன்.

"துரு ஏறிக் கெடக்கு, அதை ஏன் இத்தனை பேருக்கு முன்னாடி எடுத்து வைக்கணும்? பொட்டிக்குள்ளயே இருக்கட்டும்ங்க. மூடியை மட்டும் கழட்டுங்க."

முதலாளியின் மனைவியும் பார்த்துவிட்டு, "பொட்டி லெச்சணமா இருக்கே. மணவறைக்குப் பக்கத்துலயே, சுவரோட சேத்து வையுங்க," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சுவரோடு சேர்த்து வைத்தார். பின்பக்கத்துக் காற்று ஜன்னல் சுவரில் முட்டி அடைத்துக்கொண்டது. அதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நாதஸ்வரம் ஸ்பீக்கர் வழியாகத் தெருமுனைவரை கேட்டது. நான் பெண்கள் பக்கம் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். மல்லிகை, சந்தனம், சாம்பிராணி, புதுப்பட்டு. கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்தாள்.

"ஏதோ நாத்தம் அடிக்குதுலா," என்றாள் அடுத்தவளிடம்.

"ஒட்டுப்பால் நாத்தம். தோட்டத்து ஆளுங்க யாராச்சும் வந்திருப்பாங்க," என்றாள் அடுத்தவள்.

இத்தனை சோப்பு, இத்தனை நாள், எல்லாம் போச்சு. அந்த நேரத்தில் எனக்குப் பெட்டி ஞாபகம் வரவில்லை. ஷீட் ஞாபகம் வரவில்லை. ரப்பர் வாடை என்று காதில் விழுந்ததும், அது நான்தான். வேறு எதுவாகவும் இருக்கும் என்று நினைக்கக்கூடத் தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டே எழுந்து, கீழே பின்கட்டுக்குப் போனேன். தொட்டித் தண்ணீரை அள்ளிக் கழுத்திலும் கையிலும் ஊற்றிக்கொண்டு, அங்கே இருந்த சோப்புக்கட்டியை வைத்துத் தேய்த்தேன். தலையில் வியர்வை வாடை இருக்குமோ என்று கூந்தலையும் நனைத்துக்கொண்டேன். சமையற்கட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கைநிறையப் பூசிக்கொண்டேன்.

மாடிக்குத் திரும்பினால் வாடை முன்னைவிட அதிகம். இப்போது ஆண்கள்கூட ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் பக்கத்திலிருந்தவள் பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். அது போதும். மறுபடி இறங்கிப் போய், தேங்காய்ச் சிரட்டைகள் குவித்திருந்த மூலையில், புகை அடிக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். விறகுப் புகையில் நின்றால் என் வாடை தெரியாது என்று ஒரு கணக்கு. கல்யாணம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு மேலே போகலாம் என்றிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகையின்மேல் பழி போட வசதியாகவும் இருந்தது.

மேலே நாதஸ்வரம் ஒருமாதிரி இழுத்தது. கொர்ரென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த நிசப்தத்தில், "கெட்டிமேளம், கெட்டிமேளம்," என்று ஐயர் கூப்பிடுவது கீழ்வரை கேட்டது. யாரோ ஒருவர் கனத்த குரலில் தும்மினார். நான் படிகளில் ஓடினேன். பாதிப் படியில் இன்னொருவர் என்னை இடித்துக்கொண்டு ஓடினார். எங்கள் வீட்டுக்காரர். அவர் மாடியில்தான் இருக்கிறார் என்றல்லவா நான் நினைத்தேன்.

மேலே, பெண்ணின் தாய்மாமன் தாம்பாளத்தில் இருந்த பழத்தையெல்லாம் கீழே தள்ளிவிட்டு, சாம்பார்க் கரண்டியால் அதைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில்தான் தாலி ஏறியது. பெட்டிக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. கூரையில் நான் ஒட்டிய ஷீட் சூட்டில் இளகி, புடவைத் துணியோடு கழன்று, வால்வுகளின்மேல் விழுந்து வழிந்திருந்தது. வால்வுகள் வெடித்து, கண்ணாடியும் ரப்பரும் பட்டு நூலும் ஒரே கூழ். வாடை அங்கேதான் குமைந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, நான் இல்லை. எங்கள் பிழைப்பு கண்ணெதிரே உருகிக்கொண்டிருக்கிறது, எனக்கு நெஞ்சில் அப்படி ஒரு நிம்மதி. சீ, இதுவும் ஒரு பிறவியா என்று அடுத்த நொடியே என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன்.

பிறகுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். சட்டை நெஞ்சுவரை நனைந்திருந்தது. கழுத்தில், காதுக்குப் பின்னால், சோப்பு நுரை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. கை இரண்டிலும் சந்தனம். நான் அவரைப் பார்த்தேன், அவர் என் ஈரத் தலையைப் பார்த்தார். அவரும் என்னைப் போலவே நினைத்திருக்கிறார். நீளமாக ஓடுகிற இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, அது முடிவதற்குள் வந்துவிடலாம் என்று வாசல் குழாய்க்கு ஓடியிருக்கிறார். பக்கத்தில் நின்றிருந்தால் துணி தொங்கத் தொடங்கும்போதே பார்த்திருப்பார், ஒரு கையால் பிய்த்து எறிந்திருப்பார்.

முதலாளி எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், ஆறியிருக்கும். பந்தி தொடங்கிய பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"செட்டைத் தனியா விட்டுட்டு எங்க போனே தம்பி?"

எங்கள் வீட்டுக்காரர் ஈரச் சட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், "காப்பி குடிக்கப் போனேன் முதலாளி," என்றார்.

நான் பின்னால்தான் நின்றேன். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். இல்லை, இந்த மனுஷன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் போனார் என்று கேட்பார்கள். நீ ஏன் நனைந்திருக்கிறாய் என்று என்னையும் கேட்பார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மவ கல்யாணத்தன்னிக்கு உனக்குக் காப்பி பெருசாப் போச்சு," என்றார் முதலாளி. கோபம்கூட இல்லை, வருத்தம்தான். இரண்டு பொட்டலம் சாப்பாடு கட்டிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்கப் போனார்.

அந்தத் தெருவில் அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. செட்டு கெட்டுப்போனதை மன்னித்திருப்பார்கள். எந்த இயந்திரமும் கெடும். முகூர்த்த நேரத்தில் காப்பி குடிக்கப் போன ஆளை யார் கூப்பிடுவார்கள்? சில மாதம் இழுத்துப் பார்த்தோம். பிறகு மூட்டை கட்டினோம். கிராணி சிரிக்கக்கூட இல்லை, பேரேட்டில் பெயரை எழுதிக்கொண்டு நாளைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்துவிடு என்றார். சுதந்திரத்துக்குக் கொடி ஏற்றியபோது தோட்டத்துத் திடலில் நின்று, வேறு யாரோ ஒருவருடைய ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டோம். எங்கள் வீட்டுக்காரர் அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லயத்துக்குத் திரும்பிச் சில காலம் கழித்து ஒரு நாள், மரம் சீவிவிட்டு வந்து வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும் புள்ள?"

பதிலையும் அவரே சொன்னார்.

"சிரிச்சிருப்பாங்க. புருஷனும் பொண்டாட்டியும் தன் மேலதான் நாத்தம்னு நெனச்சிக் குளிக்க ஓடுனாங்களாம்னு தெருவே சிரிச்சிருக்கும். சிரிச்சிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு நம்மளையே கூப்பிட்டிருப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். முதலாளி நல்ல மனுஷன், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்துதான் நாங்கள் டவுனை விட்டோம்.